பேப்பர் போடுறதுக்கு முன்னாடி ஒரு செங்கல்பட்டு லோக்கல்!

குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று எப்போதாவது யோசித்தது உண்டா பாஸ்? விஷயம் ரொம்ப சிம்பிள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தப் பக்கம் குரோம் லெதர் கம்பெனி என்ற தோல் தொழிற்சாலை இருந்தது. குரோமியம் உப்பு போட்டுத் தோலைப் பதனிடும் முறைக்கு 'குரோம் டேனிங்' என்று பெயர். அந்தக் கம்பெனியை ஒட்டி வளர்ந்த பேட்டை, குரோம்பேட்டை. இன்றைக்குக் கம்பெனி இல்லை. அங்கே வேலை பார்த்தவர்கள் இல்லை. பெயர் மட்டும் ஸ்டேஷன் போர்டில் மஞ்சள் பெயின்ட்டில் நிற்கிறது.

தாம்பரம் ஏரியா முழுக்க இப்படித்தான். யாரோ ஒருவர் வேலையை விட்டுக் கிளம்பிய கதை, அல்லது ஒரு வேலையே ஆட்களை விட்டுக் கிளம்பிய கதை... ரெண்டில் ஒன்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இருக்கிறது.

இதை நான் தேடிப் போனதற்குக் காரணம் உண்டு. ஃபைனல் இயர் தொடங்கப் போகிறது. பிளேஸ்மென்ட் டிரெய்னிங் இப்போதே ஆரம்பித்தாயிற்று. ஆப்டிட்யூட், ஜி.டி., ஹெச்.ஆர். ரவுண்டு என்று ஒரு வேலைக்குள்ளே நுழைவதற்கு நூறு கிளாஸ் எடுக்கிறார்கள். அந்த வேலையை விட்டு எப்போது வெளியே வரலாம் என்பதற்கு ஒரு கிளாஸ்கூட கிடையாது. சீனியர்களைக் கேட்டால் ரெண்டே ரெண்டு பதில்தான். 'வருஷத்துக்கு ஒரு ஜம்ப் அடிச்சாதான்டா சம்பளம் ஏறும்' என்று ஒரு கோஷ்டி. 'கிடைச்சதைக் கெட்டியா புடிச்சுக்கோ' என்று இன்னொரு கோஷ்டி. அதனால் ஒரு சனிக்கிழமை, ரிட்டர்ன் டிக்கெட் எடுத்துக்கொண்டு குரோம்பேட்டையில் செங்கல்பட்டு லோக்கல் ஏறிவிட்டேன். இறங்கி ஏறி, இறங்கி ஏறி மறைமலை நகர் வரை. நீங்களும் வாங்க, ஜன்னல் சீட் உங்களுக்குத்தான்!

குரோம்பேட்டை: விட்டவரும் விடாதவரும்

ஸ்டேஷனிலிருந்து கொஞ்ச தூரத்தில் எம்.ஐ.டி. கேட். சி.ராஜம் 1949-ல் தொடங்கிய மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி. ராமேஸ்வரத்துப் பையன் அப்துல் கலாம் இங்கே படிக்க வந்தபோது, கேம்பஸில் காட்சிக்கு நின்ற ரெண்டு பழைய விமானங்களைப் பார்த்துத்தான் ஏரோநாட்டிக்கல் பிராஞ்ச்சைத் தேர்ந்தெடுத்தார். விமானப் படையில் சேரப் போனார். எட்டு இடம், இவர் ஒன்பதாவது. பிறகு 1958-ல் பாதுகாப்புத் துறையில் அரசாங்க வேலை.

இங்கேதான் நம்ம சப்ஜெக்ட் வருகிறது. பெங்களூரில் 'நந்தி' என்று ஒரு ஹோவர்கிராஃப்ட்டை அவர் டீம் உருவாக்கியது. மந்திரி கிருஷ்ண மேனனே ஏறிப் பார்த்தார். அவர் பதவி போனதும் திட்டம் மூலைக்குப் போய்விட்டது. கலாம் அந்த மூலையில் உட்கார்ந்து ஃபைல் புரட்டிக்கொண்டு இருக்கவில்லை. விக்ரம் சாராபாய் குழுவின் இன்டர்வியூவுக்குப் போனார், ராக்கெட் இன்ஜினீயர் ஆனார். சரி, தோல்வி வந்ததும் கிளம்பினார் என்று நினைக்கிறீர்களா? அடுத்ததைக் கேளுங்கள். 1980 ஜூலை 18-ல் எஸ்.எல்.வி-3 வெற்றிகரமாக ரோகிணியைச் சுற்றுப்பாதையில் விட்டது. நாடே கைதட்டியது. அதற்கு ரெண்டு வருஷம் கழித்து, 1982-ல், இஸ்ரோவை விட்டு ஏவுகணை வேலைக்காக ஹைதராபாத் போனார். கைதட்டல் இருக்கும் இடத்தை விட்டுக் கிளம்புவது, அவமானப்பட்ட இடத்தை விட்டுக் கிளம்புவதைவிடக் கஷ்டம் இல்லையா?

அதே எம்.ஐ.டி.யின் இன்னொரு மாணவர் நம்ம சுஜாதா. எஸ்.ரங்கராஜன் என்றால் உங்களுக்குத் தெரியாமல் போகலாம்! 'கால் காசு உத்தியோகம்னாலும் கவர்ன்மென்ட் உத்தியோகம்' என்று ஊரே நம்பிய காலத்தில், சிவில் ஏவியேஷன் துறை வேலையை விட்டு பெங்களூர் பி.இ.எல்.லில் இன்ஜினீயராகப் போனவர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் அவருக்கும் பங்கு உண்டு. ஆனால் கவனியுங்கள்... தமிழ்நாடு முழுக்க வாசகர்கள் கிடைத்த பிறகும், எழுத்துக்காக அவர் வேலையை விடவில்லை. ரிட்டயர் ஆகும் வரை ஆபீஸ் போனார், வீட்டுக்கு வந்து எழுதினார்.

'பேஷன்தான் முக்கியம், வேலையைத் தூக்கிப் போடு மச்சி' என்று டயலாக் விடும் ஃபிரெண்டிடம் இதைச் சொல்லுங்கள். மனசுக்குப் பிடித்த விஷயத்துக்கு ராத்திரி ரெண்டு மணி நேரம் ஒதுக்க வேலை இடம் கொடுக்கிறதா? அப்படியானால் அவசரமே இல்லை.

சானடோரியம்: உடம்பு பேசும்

அடுத்த ஸ்டேஷன் தாம்பரம் சானடோரியம். ஒரு பக்கம் 1984-ல் வந்த ஏற்றுமதி மண்டலம் மெப்ஸ். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கழுத்தில் ஐ.டி. கார்டு தொங்க ஒரு கூட்டம் உள்ளே, ஒரு கூட்டம் வெளியே. இன்னொரு பக்கம் நெஞ்சக நோய் மருத்துவமனை. ஸ்டேஷனுக்குப் பெயர் கொடுத்ததே இந்த ஆஸ்பத்திரிதான். இங்கிலாந்தில் மெண்டிப் மலைப் பகுதியில் காசநோய் சானடோரியம் நடத்திய டாக்டர் சவுரி முத்து, இந்தியா திரும்பி வந்து 1928-ல் இதை ஆரம்பித்தார். சுத்தமான காற்று, ஓய்வு, நல்ல சாப்பாடு... அன்றைக்குக் காசநோய்க்கு அதுதான் வைத்தியம்.

இங்கிலாந்தில் அவரிடம் சிகிச்சை எடுத்தவர்களில் ஒருவர் கணித மேதை ராமானுஜன். அவரும் ஒரு வேலையை விட்டவர்தானே! 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா ஆனார், மாசம் 30 ரூபாய். 1913 மே மாசம் சென்னைப் பல்கலைக்கழகம் மாசம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்த பிறகுதான் அந்த மேஜையை விட்டு எழுந்தார். கணக்குப் பைத்தியம் என்று நாம் நினைக்கும் மனிதர், இந்த ஒரு கணக்கைச் சரியாகத்தான் போட்டிருக்கிறார்.

உடம்பு பற்றிப் பேசும்போது என் பெரியம்மா பொண்ணு கதையைச் சொல்லியாக வேண்டும். அக்கா சேலையூரில்தான் இருக்கிறாள். ஒரு ஐ.டி. கம்பெனி, பெயர் வேண்டாம். டெவலப்பர் என்று எடுத்தார்கள், நைட் ஷிஃப்ட் சப்போர்ட்டில் போட்டார்கள். ராத்திரி முழுக்க டிக்கெட் க்ளோஸ் பண்ணுவாள், காலையில் தூக்கம். இப்படி ரெண்டரை வருஷம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் வயிற்றைப் பிரட்டும். டாக்டர் எல்லா டெஸ்ட்டும் எடுத்துவிட்டு, 'உடம்புல ஒண்ணும் இல்லம்மா' என்றார்.

"விட்டுடவா?" என்று வீட்டில் கேட்டபோது பெரியப்பா சொன்ன பதில், "இருபது வருஷம் லோன் போட்டு வீடு வாங்கியிருக்கோம். பர்மனென்ட் வேலையை யாராவது விடுவாங்களா?" தப்பு சொல்ல முடியாது. இ.எம்.ஐ.யில் பாதி அக்கா சம்பளத்தில் போகிறது.

அக்கா உடனே பேப்பர் போடவில்லை. மூணு விஷயம் செய்தாள். ஒரு நோட்டில், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் 'இந்த வாரம் புதுசா என்ன கத்துக்கிட்டேன்' என்று ஒரு வரி எழுதினாள். ரெண்டாவது, அதே கம்பெனிக்குள் வேறு ப்ராஜெக்ட் மாறக் கேட்டாள். மூணாவது, தன் பங்கு இ.எம்.ஐ. ஆறு மாசத்துக்குச் சேரும் வரை தனியாகச் சேமித்தாள். பதினாலு வாரம் கழித்துப் பார்த்தால், நோட்டில் பன்னிரண்டு வெள்ளிக்கிழமை காலி! ப்ராஜெக்ட் மாற்றம் ரெண்டு தடவை கேட்டும் வரவில்லை. அப்புறம்தான் இன்டர்வியூ, ஆஃபர், பேப்பர். புது இடத்தில் சம்பளம் எட்டாயிரம் ரூபாய் கம்மி. ஆனால் பகல் வேலை, கோடிங் வேலை. பெரியப்பா மூணு மாசம் அவளிடம் சரியாகப் பேசவில்லை.

"சரியான முடிவுதானாக்கா?" என்று கேட்டேன்.

"தெரியலடா. ஞாயித்துக்கிழமை வயிறு பிரட்டுறது நின்னுடுச்சு. அது மட்டும் தெரியும்" என்றாள்.

தாம்பரம்: நூறு வருஷத்துக்கு அப்புறமும் கிளம்பலாம்

ஆட்கள் மட்டுமா கிளம்புகிறார்கள்? தாம்பரத்தில் ஒரு காலேஜே கிளம்பி வந்திருக்கிறது! 1837-ல் தொடங்கிய மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி, பாரிமுனைப் பக்கம் நெரிசலுக்கு நடுவே இருந்தது. அங்கே இடம் போதவில்லை. நூறு வருஷப் பெருமை, நகரத்தின் நடு இடம், எல்லாவற்றையும் விட்டு 1937-ல் 375 ஏக்கர் காட்டு நிலத்துக்கு வந்துவிட்டார்கள். அன்றைக்குத் தாம்பரம் என்றால் ஊருக்கு வெளியே ரொம்ப தூரம். 'இவ்வளவு பேர் வாங்கின இடத்தை விட்டுட்டு அந்தக் காட்டுக்கா?' என்று அன்றைக்கும் யாராவது ஒரு பெரியப்பா கேட்டிருப்பார்! இன்றைக்கு அந்த மரங்களும் மான்களும்தான் அந்தக் காலேஜின் அடையாளம்.

ஆனால் ஒன்று. காட்டுக்குப் போய்விட்டு ரயிலைத் தேடவில்லை. பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் நடுவே மின்சார ரயில் 1931-லேயே ஓடத் தொடங்கிவிட்டது. போகும் இடத்துக்கு வழி இருந்தது, கிளம்பினார்கள். அந்த மீட்டர் கேஜ் வண்டியும் 2004-ல் விடைபெற்று, இப்போது நாம் போவது பிராட் கேஜ் வண்டி.

பெருங்களத்தூர்: மைலேஜ் பார்த்தீங்களா?

பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிக் கண்ணாடி கண்ணாடியாக ஐ.டி. கட்டடங்கள். அந்த இடத்தில் முன்பு இருந்தது ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ் கார் தொழிற்சாலை. ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்று தாத்தாக்களைக் கேளுங்கள், கண்ணில் ஒரு வெளிச்சம் வரும். 1985-ல் 'ஸ்டாண்டர்ட் 2000' என்று ஒரு சொகுசு காரை இறக்கினார்கள். வெளியே இங்கிலாந்து ரோவரின் அழகான பாடி. உள்ளே பல வருஷம் பழசான இன்ஜின். விலை அதிகம், மைலேஜ் கம்மி. 1988-ல் உற்பத்தி நின்றுபோனது. மாருதி 800 ரோட்டுக்கு வந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது.

இன்ஜினீயரிங் பசங்களுக்கு இதைவிட நல்ல கேஸ் ஸ்டடி கிடையாது. பளபள பாடி, பழைய இன்ஜின். கம்பெனி பெயர் பெருசு, கேன்டீன் சூப்பர், ஏ.சி. பஸ். ஆனால் நாம் உள்ளே செய்யும் வேலை? அடுத்த ரெண்டு வருஷத்தில் மார்க்கெட்டில் அதற்கு மதிப்பு இருக்குமா? வேலையை விடலாமா என்று யோசிப்பவர்கள் பாடியைப் பார்க்காமல் பானெட்டைத் திறந்து பார்க்க வேண்டும்.

கிளாம்பாக்கம்: பஸ் ஸ்டாண்டும் வேலை மாறும்

வண்டலூரைத் தாண்டினால் கிளாம்பாக்கம். கோயம்பேட்டில் இருந்த தென் மாவட்ட பஸ்களை இங்கே மாற்ற, 2023 டிசம்பர் 30-ல் புது பஸ் நிலையம் திறந்தார்கள். கோயம்பேட்டில் நெரிசல் தாங்கவில்லை, கிளம்ப வேண்டியதுதான். முடிவில் குறை இல்லை. ஆனால் திறந்த அன்றைக்குப் பக்கத்து ரயில்வே ஸ்டேஷன் தயாராகவில்லை, நடைமேம்பாலம் இல்லை. ராத்திரி வந்து இறங்கியவர்கள் பையும் பெட்டியுமாக ஆட்டோக்காரரிடம் பேரம் பேசிக்கொண்டு நின்றார்கள்.

கிளம்புவது சரியான முடிவாக இருந்தாலும், இணைப்புப் பாதை போடாமல் கிளம்பினால் இப்படித்தான். ராமானுஜனின் 75 ரூபாய், அக்காவின் ஆறு மாச இ.எம்.ஐ. எல்லாம் அந்த நடைமேம்பாலம்தான் பாஸ்!

கூடுவாஞ்சேரி: முதலாளியும் நாற்காலி மாறுவார்

கூடுவாஞ்சேரிக்குப் பக்கத்தில் ஜோஹோ வளாகம். ஸ்ரீதர் வேம்பு சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து, பிரின்ஸ்டனில் பிஎச்.டி. முடித்து, அமெரிக்காவில் குவால்காமில் இன்ஜினீயர். அதை விட்டு வந்து, 1996-ல் 'அட்வென்ட்நெட்' தொடக்கம். 2009-ல் அதன் பெயர் ஜோஹோ ஆனது. இது எல்லோருக்கும் தெரிந்த கதை. 2025 ஜனவரியில் நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சி.இ.ஓ. நாற்காலியை விட்டு, தலைமை விஞ்ஞானி என்ற பொறுப்புக்கு மாறினார். அதாவது, கம்பெனியை விடாமலே வேலையை விட்டார்! நிர்வாகம் ஒருவர் கையில், ஆராய்ச்சி இவர் கையில்.

'பொருந்தவில்லை' என்று நமக்குத் தோன்றும்போது எது பொருந்தவில்லை? கம்பெனியா, டீமா, நாம் உட்கார்ந்திருக்கும் சீட்டா? சீட்தான் பிரச்னை என்றால் சீட்டை மாற்றிக் கேட்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேலையை விட்டு ஜெயித்தவருக்கு ரோட்டோரம் பெரிய வளாகம் இருக்கிறது, நாம் பார்க்கிறோம். விட்டுவிட்டுக் கஷ்டப்பட்டவருக்கு வளாகம் கிடையாது, போர்டு கிடையாது. அவரும் இதே ரயிலில்தான் போய்க்கொண்டிருப்பார். ஜெயித்த கதையை மட்டும் கேட்டு முடிவெடுக்கக் கூடாது.

மறைமலை நகர்: வேலையே கிளம்பினால்?

கடைசி ஸ்டாப். ஃபோர்டு தொழிற்சாலை. 1999-ல் ஐகான் இங்கிருந்துதான் வந்தது. 2021 செப்டம்பர் 9-ல், இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக ஃபோர்டு அறிவித்தது. இங்கே 2,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள். இழப்பீட்டுக்காக 2022-ல் போராட்டம். அந்த வருஷ மத்தியில் கடைசி கார் வெளியே போனது. 2024 செப்டம்பரில், ஏற்றுமதிக்காக மறுபடி இங்கே உற்பத்தி தொடங்க விருப்பம் என்று தமிழக அரசுக்குக் கடிதம் கொடுத்தார்கள்.

ஸ்டேஷன் வாசல் டீக்கடையில், இந்தப் பகுதியில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்த்த அண்ணன் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். இப்போது சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறார்.

"ஆர்டர் குறைய ஆரம்பிச்சப்பவே தெரிஞ்சுது தம்பி. ஓவர்டைம் நின்னுச்சு. புது ஆள் எடுக்கறது நின்னுச்சு. ட்ரெய்னிங்குக்கு யாரையும் அனுப்பல. நான் சாயங்காலத்துல சி.என்.சி. கத்துக்கிட்டேன். கூட இருந்தவங்க, 'இவ்ளோ பெரிய ஏரியா எங்கடா போயிடும்'னு சிரிச்சாங்க."

"அப்போ நீங்க முன்னாடியே வேலையை விட்டுட்டீங்களா?"

"இல்ல, கடைசி வரைக்கும் இருந்தேன். சம்பளம் வந்துச்சுல்ல! ஆனா கை ரெடியா இருந்துச்சு."

எனக்கு இந்தப் பதில் பிடித்திருந்தது. விடுவதா, இருப்பதா என்பது அப்புறம். எந்த நாளும் கிளம்பக்கூடிய நிலைமையில் கையை வைத்திருப்பதுதான் முதல் வேலை. அப்படி இருப்பவர் பயத்தால் ஒரு இடத்தில் ஒட்டிக்கொண்டு இருக்க மாட்டார். கோபத்தால் ஒரே நாளில் தூக்கி எறியவும் மாட்டார்.

பேப்பர் போடும் முன் ஒரு செக்-லிஸ்ட்!

* சம்பளம் இல்லாமல் எத்தனை மாசம் ஓட்ட முடியும்? வீட்டுக்குக் கொடுக்கும் பணத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். குறைந்தது ஆறு மாசம்.

* 'பாண்டு எல்லாம் கோர்ட்ல செல்லாது மச்சி' என்று ஹாஸ்டலில் சொல்வதை நம்பாதீர்கள். மூணு வருஷத்துக்குள் கிளம்பினால் ரெண்டு லட்சம் கட்ட வேண்டும் என்ற விஜயா வங்கியின் ஒப்பந்தம் செல்லும் என்று 2025 மே மாசம் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் முழுசாகப் படியுங்கள்.

* நோட்டீஸ் பீரியட் 30 நாளா, 90 நாளா? ஆஃபர் லெட்டரில் இருக்கும். புது கம்பெனியில் சேரும் தேதியை அதற்கேற்ப பேசுங்கள்.

* பி.எஃப். பணத்தை எடுத்து பைக் வாங்காதீர்கள். யு.ஏ.என். நம்பர் ஒன்றுதான், புது கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளலாம். ஐந்து வருஷம் முடியும் முன் எடுத்தால் வரி வேறு வரும்.

* நிரந்தர வேலையில் கிராஜுவிட்டிக்கு ஐந்து வருஷ சர்வீஸ் வேண்டும். குறிப்பிட்ட கால ஒப்பந்த ஊழியருக்கு, 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய சட்டப்படி ஒரு வருஷம். நாலரை வருஷத்தில் கோபம் வந்தால் காலண்டரை ஒரு தடவை பாருங்கள்!

* ரிலீவிங் லெட்டர், அனுபவச் சான்றிதழ், கடைசி மூணு மாச பே-ஸ்லிப்... கையில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

* கடைசி நாள் சண்டை வேண்டாம். ஜி.எஸ்.டி. ரோட்டில் இருப்பது மொத்தமே இத்தனை கம்பெனிகள்தான். இன்றைக்கு நீங்கள் முறைத்துவிட்டு வந்த மேனேஜர், நாளைக்கு இன்னொரு இடத்தில் இன்டர்வியூ டேபிளுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார்!